பழனிக்கு நடக்க வர்றவங்களுக்கு, கால் பத்தி ஒரு வார்த்தை

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறது எங்க பக்கத்துக்குப் புதுசு இல்லை. நகரத்தார் காவடி குன்றக்குடியில கூடிக் கிளம்புற வழக்கத்துக்கு நானூறு வருஷத்துக்கு மேல வயசுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. கல்லல்லேருந்தும் சுத்துப்பட்டு ஊர்கள்லேருந்தும் ஜனங்க போய் அந்தக் கூட்டத்துல சேருவாங்க. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், அப்புறம் பழனி. 150 கிலோமீட்டருக்கு மேல வரும்.

இப்ப சில வருஷமா சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர்ல இருக்கிற நம்ம பிள்ளைகளும் லீவு போட்டுட்டு வந்து நடக்கிறாங்க. சந்தோஷம். ஆனா அவங்கள்ல நிறையப் பேர் கேக்கிற கேள்வி ஒண்ணுதான்: "அண்ணே, செருப்பு இல்லாமதானே நடக்கணும்? நீங்கல்லாம் வயல்ல அப்படித்தானே நடக்கிறீங்க?"

என் கருத்தை நேரடியாவே சொல்லிடறேன். பழக்கம் இல்லாதவங்க வெறுங்காலோட நடக்க வேண்டாம். சர்க்கரை இருக்கிறவங்க நடக்கவே கூடாது, வெறுங்காலோட.

வயல்ல நடக்கிறதும் தார் ரோட்டுல நடக்கிறதும் ஒண்ணு இல்லை. சேறு காலைத் தாங்கி வாங்கிக்கும். தார் ரோடு வாங்காது, ஒவ்வொரு அடியையும் திருப்பிக் கொடுக்கும். விடியக்காலையில பனியில நனைஞ்சு குளிரும், பன்னெண்டு மணிக்குச் சட்டியா சுடும். ஓரத்துல இறங்கினா எங்க ஊர்ச் சரளைக்கல்லும் சீமைக்கருவேல முள்ளும் உடைஞ்ச பாட்டிலும் இருக்கும்.

இன்னொண்ணு. கிராமத்தான் கால் இரும்புன்னு டவுன்ல ஒரு நினைப்பு இருக்கு. இரும்பு இல்லை. பித்தவெடிப்புல ரத்தம் வர்ற கால், சேத்துப்புண் வந்து விரலிடுக்கு வெந்து போன கால், முள் உள்ளேயே முறிஞ்சு சீழ் வச்ச கால், இதெல்லாம் எங்க தெருவுல வீட்டுக்கு ஒண்ணு உண்டு. கொக்கிப்புழு உள்ளங்கால் வழியாத்தான் உடம்புக்குள்ள போகுது. எலிக்காய்ச்சல் கிருமியும் காலில இருக்கிற புண், கீறல் வழியா ஏறிடும். வெறுங்கால் எங்களுக்குப் பெருமை இல்லை, பல பேருக்கு வேற வழி இல்லாம வந்த பழக்கம். அதைப் பாத்து யாரும் ஆசைப்பட வேண்டாம்.

கொப்புளம் எப்படி வருதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. லீவுக்கு ஊருக்கு வர்ற பையன் ஆசையா மண்வெட்டியை எடுத்து ஒரு மணி நேரம் வெட்டினா உள்ளங்கையில நீர் கோத்துக்கும். அதே மண்வெட்டியை நாள் பூரா பிடிக்கிற ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. தோல் கொஞ்சங்கொஞ்சமா பழகித் தடிச்சிருக்கும், அவ்வளவுதான். காலிலயும் அதே கதை. அடி வைக்கும்போது உள்ளே எலும்பு முன்னாடி நகருது, வெளித்தோல் செருப்போட ஒட்டி நின்னுடுது. நடுவுல மாட்டின தோல் அடுக்கு இழுபட்டுக் கிழியுது. அந்த இடைவெளியில நீர் கோக்குது. வேர்வையில தோல் ஊறியிருந்தா இன்னும் சீக்கிரம் கிழியும்.

அதனால ஒன்றரை மாசத்துக்கு முன்னாடியே நடக்க ஆரம்பிங்க. முதல்ல மூணு, நாலு கிலோமீட்டர். வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்க. கடைசி வாரங்கள்ல சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அடுத்தடுத்து நீளமா நடங்க. முதல் நாள் 25 கிலோமீட்டர் யாரும் நடந்துடலாம். ரெண்டாம் நாள் காலையில எந்திரிச்சு அந்தக் காலைத் தரையில வைக்கிறதுதான் பரீட்சை. எந்தச் செருப்பு, எந்த ஷூவோட பழகுனீங்களோ அதையே போட்டுட்டு வாங்க. புதுசு வாங்குறதா இருந்தா சாயங்காலம் வாங்குங்க, நடந்து வீங்கின காலுக்கு அளவு அப்பத்தான் சரியா தெரியும். விரல் நுனிக்கு முன்னாடி கொஞ்சம் இடம் இருக்கணும். நகத்தை நேரா வெட்டுங்க, ஓரத்தைக் குடைய வேண்டாம். சாக்ஸ் மூணு ஜோடி வச்சுக்கிட்டு, ஈரமானா உடனே மாத்துங்க.

மருந்துக்கடையில கிடைக்கிற பேப்பர் பிளாஸ்திரி ஒரு சுருள் வாங்கிக்குங்க. 2016-ல வெளியான ஒரு ஆராய்ச்சியில, 250 கிலோமீட்டர் பந்தயம் ஓடினவங்க காலில இந்தச் சாதாரண பிளாஸ்திரியை முன்கூட்டியே ஒட்டிப் பாத்தாங்க. கொப்புளம் சுமார் 40 சதவீதம் குறைஞ்சது. குதிகாலோ விரலோ 'சுருக்'குன்னு சூடா தெரிஞ்சா அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்னு நடக்காதீங்க. அங்கேயே உக்காந்து, துடைச்சு, ஒட்டுங்க.

சின்னக் கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பெருசா இருந்து நடக்கவே முடியலைன்னா, சுத்தமான புது ஊசியால ஓரத்துல குத்தி நீரை மட்டும் எடுங்க, மேல்தோலை உரிச்சுடாதீங்க. இயற்கை கொடுத்த கட்டு அது. ஊசியில நூல் கோத்து உள்ளே விட்டு வைக்கிறது நம்ம பக்கத்துப் பழைய வைத்தியம். அந்த நூல் வழியாவே அழுக்கு உள்ளே போகும், வேண்டவே வேண்டாம்.

இனி சர்க்கரைக்காரங்க விஷயம். நான் எழுத உக்காந்ததே இதுக்காகத்தான். எங்க சொந்தத்துல ஒரு பெரியவர் வருஷம் தவறாம நடந்தவர். ஒரு வருஷம் காலில கல்லு குத்தினது அவருக்குத் தெரியலை. வலிச்சாத்தானே தெரியும்? வீட்டுக்கு வந்த அப்புறம் பாயில ரத்தத்தைப் பாத்து மருமக கண்டுபிடிச்சா. கடைசியில ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

வலி தெரியாததுதான் ஆபத்துன்னு உலகத்துக்குப் புரிய வச்ச வேலை நம்ம வேலூர்ல நடந்தது. கொல்லிமலையில 1914-ல பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகள் கால் அந்த நோயால தானா அழுகி விழுதுன்னு எல்லாரும் நம்பின காலம். உணர்ச்சி செத்துப் போனதால அடிபடுறது தெரியாம, அதே புண் மேல திரும்பத் திரும்ப நடந்துதான் கால் போகுதுன்னு அவர் காட்டினார். அந்தக் கால்களுக்காக அங்க மெத்துனு இருக்கிற ரப்பர் செருப்பு செஞ்சாங்க. இன்னைக்கு எம்.சி.ஆர். செருப்புன்னு சர்க்கரைக்காரங்களுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறது அந்த வகைதான்.

சர்க்கரை இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி காலில உணர்ச்சி இருக்கான்னு டாக்டர்கிட்ட பாத்துக்குங்க. மெல்லிய நைலான் இழையால பாதத்தைத் தொட்டுப் பாப்பாங்க, அஞ்சு நிமிஷ வேலை. உணர்ச்சி குறைஞ்சிருந்தா டாக்டர் சொல்றபடி முடிவெடுங்க. ராத்திரி தங்குற இடத்துல வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீங்க, சூடு தெரியாம வெந்து போகும். கால் ஆணிக்குக் கடையில விக்கிற பிளாஸ்திரியும் வேண்டாம், அதுல தோலைக் கரைக்கிற அமிலம் இருக்கு. கொப்புளம் வந்தா நீங்களே குத்தாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

"விரதம் கெட்டுடும்"னு சொல்ற ஆட்கள் வழியில இருப்பாங்க. அவங்க யாரும் உங்களுக்கு விரல் தர மாட்டாங்க. வேண்டுதல் நடக்கிறதுக்கு. புண்ணை வாங்கிட்டு வர்றதுக்கு இல்லை. நத்தத்துல கால் முடியலைன்னா அங்கேயே பஸ் ஏறுங்க. முருகன் டிக்கெட்டைப் பாத்து முகத்தைத் திருப்பிக்க மாட்டார்.

வழியில அன்னதானம் போடுற புண்ணியவான்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாப்பாடு தாராளமாவே கிடைக்குது. பத்துப் பந்தலுக்கு ஒரு பந்தல்லயாவது கால் கழுவத் தண்ணி, துடைக்கச் சுத்தமான துணி, உக்கார பெஞ்சு, பிளாஸ்திரி, முடிஞ்சா ஒரு நர்ஸம்மா வைங்க. இருட்டுல நடக்கிறவங்க முதுகுல ஒட்ட, வெளிச்சம் பட்டா மின்னுற ஸ்டிக்கரும் கொடுங்க. நடக்கிறவங்க ரோட்டுக்கு வலது ஓரமா, எதிர்ல வர்ற வண்டியைப் பாத்தபடி நடங்க.

இதைப் படிச்சு முடிச்சதும் வீட்டுல சர்க்கரை இருக்கிற அப்பாவையோ அம்மாவையோ உக்கார வச்சு, உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க. விரலிடுக்கையும் பாருங்க. பழனிக்கு வந்தாலும் வராட்டியும் இது தினமும் ராத்திரி செய்ய வேண்டிய வேலை.