கைராசியும் ஐவிக்கொடியும்

செடி நடுவதிற் சிலர்க்குக் கைராசி உண்டு, சிலர்க்கு இல்லை என்பது நம் நாட்டில் வழங்கும் பேச்சு. நட்ட துண்டு துளிர்த்தாற் கையைப் புகழ்வர். வாடினாற் கையை நோவர். இவ்வெண்ணம் ஆராய்ச்சிக்கு நிற்குமா என்பதை ஐவி என்னும் ஒரு கொடியைக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

ஐவி ஐரோப்பாவிற்கும் மேற்காசியாவிற்கும் உரியது. ஆங்கில நாட்டின் பழைய தேவாலயங்களிலும் கல்லூரிகளிலும் சுவர்மீது பசும்போர்வையெனப் படர்வது. இதற்கு இரு பருவங்கள் உண்டு. இளம்பருவத்தில் 3 முதல் 5 மடல்களாகப் பிளந்த இலைகளுடன், தண்டிற் பற்றுவேர் விட்டுச் சுவரில் ஏறும். உச்சியை அடைந்து முதிர்ந்தபின் இலைகள் பிளவின்றி முட்டைவடிவாகும், பற்றுவேர் ஒழியும், கிளைகள் நிமிர்ந்து பூத்துக் காய்க்கும்.

இவ்விருவகைக் கிளைகளையும் ஒரே கொடியிற் காணலாம். இரண்டினின்றும் ஒவ்வொரு துண்டை ஒருவரே ஒரே நாளில் ஒரே மணலில் நடுவாராயின், இளந்துண்டு சில வாரங்களில் எளிதாக வேர்விடும். முதிர்ந்ததோ பெரும்பாலும் விடாது. விட்டாலும் கொடியாகப் படராது, புதராக நிமிர்ந்தே வளரும். வேரைத் தூண்டும் ஆக்ஸின் என்னும் பொருளைத் தடவினும், முதிர்ந்தது இளையதுபோல் இணங்குவதில்லை. கை ஒன்றே, பயனோ வேறு. ஆதலின் காரணத்தைத் துண்டில் தேடுதலே தகும்.

அடுத்தது வெளிச்சம். வெயில் மிகுந்தால் வளர்ச்சி மிகும் என்பர் சிலர். வேரில்லாத துண்டு நீரைப் போதிய அளவு பெறாது. இலைகளோ வெயிலில் நீரை இழந்தவண்ணம் இருக்கும். ஆகவே சுடுவெயில் அதனை வாட்டிவிடும். அதற்கஞ்சி இருட்டறையில் வைப்பதும் தவறே. வேருக்கு வேண்டும் உணவை இலை ஒளியின்றி ஆக்க இயலாது. நேர்வெயில் படாத நல்ல வெளிச்சமே ஏற்றது. ஆயினும் எத்துணை நல்ல ஒளியும் தகாத துண்டைத் திருத்தாது. தேர்வை முதலிலும் ஒளியை அடுத்தும் வைப்பதே முறையென்பது எமது துணிபு.

கைராசி உடையாரைக் கண்ணாரக் காண்கின்றோமே எனின், அவர் எதனை வெட்டுவது, எங்கு வைப்பது என்பவற்றைப் பழக்கத்தால் அறிந்தவர். அவ்வறிவை அதிர்ஷ்டம் என்றழைப்பது அவர்க்குச் செய்யும் குறை. அவ்வதிர்ஷ்டம் நமக்கில்லையென்று முயற்சியைக் கைவிடுவது நமக்கு நாமே செய்யும் தீங்கு. தோழர்காள், நட்ட துண்டு வாடின், அது கொடியின் எப்பகுதியினின்று வந்தது, எவ்வொளியில் நின்றது என வினவுவோமாக. வினவியபின் மீண்டும் நடுவோமாக.