புதுப் பூச்சு ஏன் வெடிக்கிறது?



வீடு திருத்துகிற காசு எங்கள் கையில் அடிக்கடி வருவதில்லை. சீட்டுப் பிடித்தோ நகையை அடகு வைத்தோதான் அது சேர்கிறது. அப்படிச் சேர்த்துப் பூசிய சுவர் ஆறு மாதத்தில் வெடித்தால் மனமும் உடைந்துபோகிறது. மேசன் ஏமாற்றிவிட்டார் என்கிறோம். சில வேளை அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பல வெடிப்புகளுக்குக் காரணம் பூச்சில் இல்லை, பூச்சுக்குப் பின்னால் இருக்கிறது.

மடுல்சீமைப் பக்கத்து லயங்களை எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றில் ஒரு குடும்பமே இருக்கிறது. யுத்தத்தில் கணவனை இழந்த மகள் பிள்ளைகளோடு வன்னியிலிருந்து திரும்பி வந்தால், அவளுக்கு உடை மாற்ற ஒரு மறைப்பு வேண்டும். வயதுக்கு வந்த பிள்ளைக்கும் வேண்டும். அதற்காக மரச்சட்டம் நிறுத்தி, இரு பக்கமும் ஜிப்சம் பலகை அடித்து, மேலே பூசி ஒரு தடுப்புச் சுவர் எழுப்புகிறார்கள். கல்லுச் சுவரைவிட இது பாரம் குறைந்தது, சீக்கிரம் முடிகிறது. ஆனால் கல்லுச் சுவர் போல இது அசையாமல் நிற்காது.

மரம் ஈரத்தில் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். வெட்டிச் சில வாரமேயான யூக்கலிப்டஸ் மரம் காயும்போது நன்றாகவே சுருங்கி முறுகும். மார்கழி, தை மழையில் பச்சைச் சட்டத்தை நிறுத்திப் பூசினால், ஆனி, ஆடியில் ஊவாவின் காய்ந்த காற்று வீசும்போது சட்டம் சுருங்கும். பலகை அதோடு இழுபடும். பூச்சோ மெல்லியது, வளையத் தெரியாதது. அது வெடிக்கத்தான் செய்யும்.

வெடிப்பு எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் காரணம் தெரியும்.

நேர்கோடாக, மேலிருந்து கீழே ஓடினால், அது இரண்டு பலகை சேரும் இடம். அந்த மூட்டில் நாடா ஒட்டாமல் பூசியிருப்பார்கள். அல்லது பலகையின் விளிம்பு சட்டத்தின் மேல் அமராமல் தொங்கிக்கொண்டிருக்கும். சட்டங்களுக்கு இடையே 16 அங்குலம் போதும். அதைவிட அகலமாக விட்டால் கை வைத்தாலே மெல்லிய பலகை உள்ளே போய்வரும். ஆணியைவிடத் திருகாணி நல்லது. மரம் சுருங்கும்போது ஆணி தளர்ந்து, அதன் தலை பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

புதுத் தடுப்பும் பழைய கல்லுச் சுவரும் சேரும் மூலையில் வெடித்தால், இரண்டும் வேறு வேறு விதமாக அசைகின்றன என்று பொருள். அந்த மூலையைச் சாந்தால் இறுக்கி அடைக்க வேண்டாம். மெல்லிய இடைவெளி விட்டு, றப்பர் போல வளையும் பசையால் நிரப்பி, மேலே ஒரு மரப்பட்டி அடித்தால் போதும். கூரையோடு முட்டும் மேல் விளிம்புக்கும் இதுவே வழி. தகரக் கூரை வெயிலில் விரியும், இரவில் சுருங்கும், காற்றில் ஆடும்.

சிலந்தி வலை போல நுண்ணிய கோடுகள் என்றால், குற்றம் கலவையில் அல்லது காய்ந்த வேகத்தில். ஜிப்சம் பலகைமேல் சீமெந்துச் சாந்து பூசக்கூடாது. நன்றாகப் பிடிக்காது, பலகையும் ஈரத்தில் ஊறிக் கெடும். அதற்குரிய ஜிப்சம் பூச்சையே கேட்டு வாங்குங்கள். அதன்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை. கல்லுச் சுவரில் பூசும் சீமெந்துப் பூச்சுக்கு இதற்கு நேர்மாறு: ஒரு வாரமாவது நனைத்து வைக்க வேண்டும். மணலில் மண் கலந்திருந்தாலோ, சீமெந்தைக் கூட்டிப் போட்டாலோ அதுவும் வெடிக்கும். ‘சீமெந்து கூடினால் பலம் கூடும்’ என்பது பூச்சுக்குப் பொருந்தாது.

திருத்தும்போது வெடிப்பின்மேல் புட்டியைத் தடவி மறைக்காதீர்கள். அது மறுபடி திறக்கும். முதலில் கூரை ஒழுக்கை நிறுத்துங்கள். சட்டம் ஒரு காய்ந்த காலத்தைக் கடக்கட்டும். பிறகு மூட்டைச் சுரண்டித் திறந்து, தளர்ந்த பலகையைத் திருகாணியால் இறுக்கி, நாடா ஒட்டிப் பூசுங்கள்.

வடக்கு கிழக்கில் இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. கட்டுவிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. கணவனை இழந்த எத்தனையோ சகோதரிகள் மேசனோடு தாங்களே பேசி, மணலும் கல்லும் எண்ணி வாங்கி வீட்டை முடித்தார்கள். “மரம் காய்ந்ததா? மூட்டுக்கு நாடா வாங்கியாச்சா?” என்று கேட்க எங்களுக்கும் உரிமை உண்டு. கடைசித் தவணைக் கூலியைக் கொடுக்கும் முன் சுவரை விரலால் தட்டிப் பாருங்கள். ஜிப்சம் தடுப்பு எங்கு தட்டினாலும் வெற்றுச் சத்தம்தான் தரும். அதை அழுத்திப் பாருங்கள், ஆடக்கூடாது. கல்லுச் சுவரின் பூச்சு வெற்றுச் சத்தம் தந்தால் அங்கே பிடிக்கவில்லை.

இன்னொரு வெடிப்பு இருக்கிறது. அதற்குப் பூச்சு மருந்தல்ல. பழைய சுவரில் சாய்வாக ஓடி, நாளுக்கு நாள் அகலமாகி, தரையிலும் முற்றத்திலும் தொடர்ந்தால் கவனியுங்கள். கதவு, யன்னல் திடீரென இறுகுவதும், மரங்கள் சாய்வதும், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவதும் மண் நகர்வதன் அடையாளங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை ஊவா மக்கள் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது.

வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி வெடிப்பு நீண்டால் கிராம சேவகரிடமும் தோட்டத்துரையிடமும் சொல்லி, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் வந்து பார்க்குமாறு கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கடும் மழையாக இருந்தால், யாரும் வந்து பார்க்கும்வரை காத்திருக்காமல் பிள்ளைகளோடு வெளியேறுங்கள்.

பூச்சு வெடித்தால் காசுதான் நட்டம். மண் வெடித்தால் அப்படியல்ல. இரண்டையும் பிரித்தறியப் பழகிக்கொள்வோம்.