எர்ணாகுளத்தில் ஓர் அடி வைக்க

பிராட்வே என்றதும் சென்னைவாசிகளுக்குப் பாரிமுனையை ஒட்டிய வீதிதான் நினைவுக்கு வரும்; ஆனால் மட்டாஞ்சேரியிலிருந்து படகேறிக் காயலைக் கடந்து எர்ணாகுளத்தில் கரையிறங்குகிறவர்களுக்கு, கொச்சி சமஸ்தானத்தின் திவானாக 1935 முதல் 1941 வரை இருந்த கோயம்புத்தூர் ஆர். கே. ஷண்முகம் செட்டியாரின் பெயர் தாங்கிய ரஸ்தாவைத் தாண்டியதுமே எதிர்ப்படுகிற இன்னொரு பிராட்வேயும் உண்டு. அகன்ற வீதி என்று அதற்குப் பெயர் சூட்டியவர் யாராயினும் பரிகாச சுபாவம் மிகுந்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும். ஜவுளியும் பாத்திரமும் குடையும் பலசரக்கும் கடைகளிலிருந்து வழிந்து தெருவில் பரவ, எஞ்சிய இடத்தை ஸ்கூட்டர்களும் தள்ளுவண்டிகளும் பங்கு போட்டுக்கொள்ள, சாமான் வாங்க வந்த மனிதர் தம் பாதத்தை எங்கே ஊன்றுவது என்று ஒவ்வொரு கணமும் ஆலோசிக்க வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னால், பாதசாரிகளுக்கு ஏதாவது வசதி செய்து கொடுக்கலாம் என்று தயவுடன் பதில் வருகிறது. அந்தத் தயவைத்தான் நான் ஆக்ஷேபிக்கிறேன். வேறெந்த ஊரிலும் அது பொருந்தலாம், இந்த ஊரில் பொருந்தாது.

காலடி, படிக்கட்டு, நாட்டிய அசைவு, சர்க்கார் எடுக்கும் நடவடிக்கை ஆகிய யாவும் ஆங்கிலத்தில் ‘ஸ்டெப்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதை நாம் வியப்பதுண்டு. நம்முடைய ‘அடி’யோ பாதம், அளவு, தாக்குதல் என்று விரிவது; இம்மூன்று பொருளும் ஒருசேர மனிதர் மீது பிரயோகிக்கப்பட்ட தேசம் பழைய கேரளம். எந்த வழியில் அடி வைக்கலாகாது என்பதும், மேல்சாதியாரிடமிருந்து எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்பதும் சம்பிரதாயத்தால் விதிக்கப்பட்டிருந்தன. 16, 32, 64 என்று சாதிக்குச் சாதி கூடிக்கொண்டே போன அந்தத் தூரத்துக்குத் ‘தீண்டாப்பாடு’ என்று மலையாளத்தில் பெயர். மறந்து மீறியவருக்குக் கிடைத்தது மூன்றாவது பொருள்.

இந்த நிலையில்தான், எர்ணாகுளத்து மண்ணில் கூடிப் பேச இடமற்றிருந்த புலையர் சமூகத்தார், 1913-இல், சேரானல்லூரில் மீனவர் குலத்தில் பிறந்து சம்ஸ்கிருத பாண்டித்தியம் பெற்ற பண்டிட் கருப்பனின் துணையோடு, வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்து, மேலே பலகைகளைப் பரப்பி, காயலின் நடுவே தங்கள் மகாநாட்டைக் கூட்டினார்கள். தரையில் நிற்கத்தானே தடை, தண்ணீருக்குத் தடையில்லையே என்ற அந்தத் தர்க்கத்தில் உள்ள ஹாஸ்யமும் துக்கமும் ஒன்றையொன்று விஞ்சுகின்றன. பிற்பாடு எர்ணாகுளத்தில் விவசாயக் கண்காட்சி நடந்தபோது, அவர்கள் விளைவித்த பொருள்கள் உள்ளே கொலுவிருக்க, விளைவித்தவர்களுக்கு மட்டும் பிரவேசம் மறுக்கப்பட்டிருந்தது. கருப்பன் இந்த அநீதியை அன்றைய திவானிடம் எடுத்துரைத்த பிறகே அவர்கள் அந்த மைதானத்தில் கால் வைத்தார்கள்.

1924-இல் தொடங்கிய வைக்கம் சத்தியாக்கிரகம் ஆலயத்தைச் சுற்றிய வீதிகளில் நடப்பதற்காக நடந்தது என்பதும், அதில் பெரியார் இரு தடவை சிறை சென்றார் என்பதும் தமிழர் அறிந்தவை. அவ்வளவாக அறியப்படாதது பாலியம் சத்தியாக்கிரகம். தேசம் சுதந்திரம் அடைந்த பிறகு, 1947 டிசம்பர் முதல், கொச்சி சமஸ்தானத்துச் சேந்தமங்கலத்தில், பரம்பரை மந்திரிகளாயிருந்த பாலியத்தச்சன் குடும்பத்தின் மாளிகைக்கு முன்னால் உள்ள வழியில் எல்லோரும் நடக்கலாம் என்பதற்காக மக்கள் மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. போலீஸ் தாக்குதலில், போராடியவர்களில் ஒருவரான ஏ. ஜி. வேலாயுதன் உயிரிழந்தார். ஒரு தெருவில் நடந்து செல்வதற்குக் கொடுக்கப்பட்ட விலை அது.

ஆதலால், அரசியல் சாசனத்தின் 15-ஆம் ஷரத்து கிணறு, குளங்களோடு சாலைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பதில் ஆச்சரியமில்லை. தடையற்ற நடைபாதை 21-ஆம் ஷரத்தின்படியான உரிமை என்று உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதத்தில் தெளிவுபடுத்திவிட்டது. சாதியின் தடையையும் ஸ்கூட்டரின் தடையையும் சமமாக நிறுத்த நான் முற்படவில்லை. அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற தெருவை இவ்வளவு அலட்சியமாக இழக்கலாமா என்பதே என் கேள்வி.

பிராட்வேயை நடப்பவர்களுக்கே விட்டுவிடலாம் என்றால், வாகனம் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சுகிறார்கள். பிராட்வேயில் பேரம் பேசுகிறவர் எவரும் வண்டியில் அமர்ந்தபடி பேசுவதில்லை. நடந்து வருகிறவர்தான் வாங்குகிறார். சென்னைப் பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதைகள் அகலப்படுத்தப்பட்ட பின்னும் கூட்டம் குறைந்துவிடவில்லை. சரக்கேற்றி வரும் வண்டிகளுக்கும் சுமட்டுத் தொழிலாளருக்கும் விடியற்காலைப் பொழுதை ஒதுக்கிவிட்டு, கடை திறந்தது முதல் அடைப்பது வரை வீதியைப் பாதசாரிகளிடம் ஒப்படைப்பது மாநகராட்சிக்குப் பெரும் செலவு வைக்காத காரியம். அதே வீச்சில், ஓரத்தில் சீப்பும் கைக்குட்டையும் விற்கிற ஏழைகளை அப்புறப்படுத்தக் கிளம்பிவிடக் கூடாது; 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் குறித்துத் தரச் சொல்கிறது. நடப்பவரையும் அவர்களையும் ஒருங்கே நெருக்குவது, வாடகை கொடுத்த கடைக்குள் அடங்காமல் வாடகையில்லாத தெருவில் இறக்கி வைக்கப்படும் சரக்கு. முதலில் உள்ளே போக வேண்டியது அதுதான்.