எச்சிலைக் குப்பியில் அடைப்பதற்கு முன்



சென்ற இதழில் மறதி நோய் பற்றி வந்த கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள். சுற்றி வளைத்துக் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: “எனக்கும் வருமா?” ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஷூவின் மேல்பகுதி தைக்கும் வாசகி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவருடைய அப்பா டேனரியில் தோல் தரம் பிரித்தவர். இப்போது மகளையே “நீங்க யாரும்மா?” என்கிறார். ஆனால் ஒரு துண்டுத் தோலைக் கையில் கொடுத்துவிட்டால், கட்டை விரலால் நீவி, ஓரத்தை மடித்துப் பார்த்து, “இது ரெண்டாந்தரம்” என்கிறாராம். எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பினால் ஜாதகம் மாதிரி எல்லாம் வந்துவிடும் என்று உறவுக்காரப் பையன் சொல்கிறானாம். அந்த மரபணுச் சோதனையை எடுக்கலாமா என்று கேட்கிறார்.

ஜாதகம் இல்லை அம்மா. இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் பார்ப்பது ஏபோஇ என்ற மரபணுவை. அதில் 2, 3, 4 என மூன்று வகை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வரும். 4-ஆம் வகைக்கும் மறதி நோயில் ஒரு வகையான அல்சைமருக்கும் தொடர்பு இருப்பதை 1993-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். அது ஒன்று இருந்தால் அபாயம் ஏறத்தாழ 3 மடங்கு, இரண்டும் அதுவே என்றால் 8 முதல் 12 மடங்கு என்பார்கள். இவை பெரும்பாலும் வெள்ளையர்களை வைத்துப் போட்ட கணக்கு. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வில் இந்த 4-ஆம் வகையே அமெரிக்கர்களைவிடக் குறைவாக இருந்தது. அது இருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்கள் உண்டு. இல்லாமலே நோயில் விழுந்தவர்களும் ஏராளம்.

நோயை ஏறக்குறைய உறுதியாகவே கொண்டுவரும் மரபணு மாற்றங்கள் வேறு. அல்சைமர் நோயாளிகள் நூறு பேரில் ஒருவருக்குக்கூட அவை இருப்பதில்லை. குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு நாற்பது, ஐம்பது வயதிலேயே மறதி நோய் வந்திருந்தால், மரபியல் மருத்துவரிடம் நேரில் போய் ஆலோசனை கேளுங்கள். குப்பி வாங்கும் வேலை வேண்டாம்.

டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனே, 2007-ல் தன் மரபணுத் தொகுப்பு முழுவதையும் வெளியிடச் சொல்லிவிட்டு, ஏபோஇ முடிவை மட்டும் தனக்கும் சொல்ல வேண்டாம் என்றார். அவருடைய பாட்டிக்கு அல்சைமர் இருந்தது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நம் வட்டாரத்தில் வருங்கால நோயைத் தேடுவதைவிட, வீட்டில் இருக்கும் நோயைக் கண்டுகொள்வதுதான் அவசரம். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவர்கள் 65 வயது தாண்டிய 1,000 பேரைப் பரிசோதித்தார்கள். கல்வியறிவு குறைந்தவர்களுக்கும் பொருந்தும்படி அமைத்த முறையில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் மறதி நோய் தெரிந்தது. வழக்கமான அமெரிக்க அளவுகோலிலோ ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. அன்றாடக் காரியம் கெட்டிருந்தால்தான் அந்த அளவுகோல் அதை நோய் என்று கணக்கிடும். நம் வீடுகளிலோ மருமகள் சோறு பிசைந்து கொடுத்துவிடுகிறாள், பேரன் கடைக்குப் போய்விடுகிறான். எந்தக் காரியமும் கெட்டதாகவே தெரிவதில்லை. “வயசாச்சு, அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம்.

ஆகவே முதலில் அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. காதையும் பார்க்கச் சொல்லுங்கள். மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதம் நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சொன்னது. காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. டேனரி டிரம் சத்தத்திலும் தையல் மெஷின் சத்தத்திலும் காலம் தள்ளிய ஊர் இது.

இதற்குப் பிறகும் சோதனை வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பு, உங்கள் உரிமை. முடிவைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் நீட்ட வேண்டியதில்லை. ஒரு தாள் வந்தால் அது அண்ணன் தம்பிகளையும் சேர்த்துத்தான் பேசும் என்பதால், அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மற்ற கேள்விகளை அடுத்த இதழில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டுப் பதில் வாங்கித் தருகிறோம். உருதுவிலும் எழுதலாம், எங்கள் அலுவலகத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்