சங்கத்து பைல்களைத் தேட எந்த மென்பொருள்?

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் பால் உற்பத்தியாளர் சங்கச் செயலாளர் ஒருவர் போன மாதம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, பத்து வருஷத் தீர்மானமெல்லாம் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. ஒண்ணைத் தேடினா அரை நாள் போயிடுது. எல்லாத்தையும் ஒரு ஏஐ வெப்சைட்டுல ஏத்திட்டா கேட்டதும் எடுத்துத் தருமாமே?" என்றார்.

வேண்டாம் என்றேன். அந்த போல்டரில் தீர்மானங்கள் மட்டுமா இருக்கின்றன? உறுப்பினர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என எல்லாம் இருக்கிறது. சங்கத்தை நம்பிக் கொடுத்தவை இவை. வேறு யாருக்கும் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

இது புதிய பிரச்னையும் இல்லை. 2004-ல் கூகுள் டெஸ்க்டாப் வந்தபோது நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே தேடித் தந்தது. 2006-ல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒரு வசதி சேர்ந்தது. அதை இயக்கினால் பைல்களின் நகல் கூகுள் சர்வருக்குப் போகும். பயன்படுத்தாதீர்கள் என்று எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் பவுண்டேஷன் அப்போதே எச்சரித்தது. 2011-ல் அந்த மென்பொருளையே கூகுள் நிறுத்திவிட்டது.

எனவே என் கருத்து இதுதான். இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் தேடிப் பாருங்கள். அப்போதும் வேலை செய்கிற மென்பொருளையே தேர்ந்தெடுங்கள். டாக்ஃபெட்சர், ரெக்கோல் இரண்டும் இந்த ரகம். வேர்டு, எக்ஸெல், பிடிஎஃப் பைல்களுக்கு உள்ளே இருக்கும் சொற்களையும் தேடித் தரும். நாங்கள் டாக்ஃபெட்சரை நிறுவினோம்.

முதல் தேடலிலேயே சிக்கல். "கடன்" என்று தட்டினால் பழைய பைல் ஒன்றுகூட வரவில்லை! அவை பாமினி எழுத்துருவில் தட்டியவை. நம் கண்ணுக்குத் தமிழ். கம்ப்யூட்டருக்கு வெறும் ஆங்கில எழுத்துகள். என்எச்எம் கன்வர்ட்டர் மூலம் யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் கிடைத்தன. ஸ்கேன் செய்த பக்கங்களும் இப்படித்தான், அவை படங்கள். அச்சிட்ட பக்கமாக இருந்தால் டெசராக்ட் போன்ற ஓசிஆர் மென்பொருள் எழுத்தாக மாற்றித் தரும். பிழை இருக்கும், சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். தேடல் மென்பொருள் உருவாக்கும் இண்டெக்ஸில் உங்கள் பைல்களின் சொற்கள் எல்லாம் இருக்கும். அதாவது அதுவும் ஒரு நகல் மாதிரிதான். நமக்கு நொடியில் கிடைப்பது அந்த நாற்காலியில் உட்காரும் யாருக்கும் நொடியில் கிடைக்கும். ஆகவே தீர்மானங்கள், வரவு செலவு போல்டரை மட்டும் இண்டெக்ஸ் செய்தோம். ஆதார், வங்கி விவரங்களைத் தனி போல்டராக்கி, செயலாளரின் பாஸ்வேர்டு உள்ள கணக்கில் வைத்தோம்.

கணக்குக் காட்டாதவர் வாரியத்துக்கு வரக்கூடாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே (919, 921) கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். சங்கத்தின் கணக்கு எல்லோருக்கும் தெரியட்டும். உறுப்பினரின் ஆதார் எண் தெரிய வேண்டாம். உங்கள் சங்கத்திலும் மென்பொருளை நிறுவும் முன் போல்டர்களை இப்படி இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.