நாலு நாள் வெயிலை நம்பாதீர்கள்

மார்ச் மாதத்தில் அலபாமாவின் கண்டர்ஸ்வில் ஏரியில் நாலு நாள் வெயில் அடித்தால் போதும், படகுகள் எல்லாம் கரையோரத்துக்கு வந்துவிடும். மீன்தான் வராது. பாஸ் மீன் ஏன் கடிக்கவில்லை என்று ஆளுக்கு ஆள் இரைப் பெட்டியைக் குடைவார்கள். மேலே ஒரு முழம் தண்ணீர் வெதுவெதுப்பானால் ஏரியே சூடாகிவிடுமா? பெரியவாய் பாஸ் முட்டையிட ஏறக்குறைய 16 டிகிரி செல்சியஸாவது வேண்டும். அதுவரை ஆழத்துக்கும் கரைக்கும் நடுவே, பழைய ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் அது காத்துக் கிடக்கும். குளிர்நீரில் அதற்குச் செரிமானமும் மந்தம், பசியும் மந்தம். விருட்டென்று ஓடும் இரையைத் துரத்தாது. ஜெர்க்பெய்ட் என்னும் போலி இரையை இரண்டு சுண்டு சுண்டிவிட்டுப் பத்து வினாடி சும்மா விடவேண்டும். வேகப்படகு வாங்கியவர்களுக்கு அந்தப் பத்து வினாடிதான் பெரும்பாடு! விடியலில் அடித்துப்பிடித்து ஓடுவதிலும் பெரிய லாபம் இல்லை. வாடைக்காற்று படாத வடக்குக் கரை ஒதுக்கங்களிலும், சூட்டைப் பிடித்துவைக்கும் கற்கரைகளிலும் மதியத்துக்கு மேல்தான் தண்ணீர் ஓரிரு டிகிரி ஏறும். படகிலுள்ள கருவி பெரும்பாலும் மேல்தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். அடுத்த புது இரைக்கு வைத்திருக்கும் காசில், கயிற்றில் கட்டி ஆழத்துக்கு இறக்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள்.