முதலிடம் விற்பனைக்கு இல்லை

மும்பையில் நம்மவர்கள் நடத்தும் சிறு இணையத் தளங்கள் பெருகி வருகின்றன. சங்கச் செய்தி, கோயில் திருவிழா, ஊருக்குப் போகும் பஸ் விவரம், வரன் தேடல், மெஸ் முகவரி என்று ஆளுக்கொன்று. பகலெல்லாம் கம்பெனியில் கணக்கெழுதிவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர்களே பெரும்பாலும் இவற்றை நடத்துகிறார்கள். வரவேற்கத்தக்க காரியம்தான். ஆனால் ஆறு மாதம் கழிந்ததும், பார்க்க ஆளில்லை, காசும் வரவில்லை என்ற சலிப்பு தட்டுகிறது. அந்தச் சலிப்பை மோப்பம் பிடித்துக்கொண்டு ஒரு தரகர் வந்து சேர்கிறார். கூகுளில் முதலிடம் வாங்கித் தருவதாகச் சொல்லி, பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று கேட்கிறார். ஒரு மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்துக் கொடுத்துவிடுகிற அப்பாவிகளும் இருக்கிறார்கள்.

முதலிடத்துக்கு உத்தரவாதம் தர எவராலும் இயலாது என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டிக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறது. கடைக்காரரே இல்லாத சரக்கு என்கிறார்; தரகர் மட்டும் உண்டு என்கிறார். யாரை நம்புவது?

வாங்கிய காசுக்கு இவர்கள் செய்வதுதான் என்ன? பக்கத்தின் மறைவில், வாசகர் கண்ணில் படாத இடத்தில், நூறு சொற்களை அடுக்கி வைப்பார்கள். இந்த மறைவுச் சொற்பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. அடுத்த வேலை, காசு கொடுத்துப் பிற தளங்களிலிருந்து இணைப்பு வாங்குவது. ஒரு தளத்தை எத்தனை நல்ல தளங்கள் சுட்டுகின்றன என்று பார்த்து மதிப்பிடுவது லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரு மாணவர்கள் 1998-ல் வெளியிட்ட முறை. ஊரில் நாலு பெரியவர்கள் நல்லபடியாகச் சொன்னால் ஒருவனுக்கு மதிப்பு ஏறுவதைப் போன்றது அது. அந்த நாலு பேரையும் கூலிக்குப் பிடித்தால்? கூலி ஆட்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற பெயரில் ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரே நாளில் ஐந்நூறு கட்டுரை தயாரித்துக் கொட்டுவது. வாசகருக்குப் பயனின்றி, வரிசையில் மேலே வருவதற்காகவே மொத்தமாகத் தயாரிக்கப்படும் பக்கங்களைக் குப்பை என்று ஒதுக்கும் விதி 2024 மார்ச்சில் வந்தது. ஆக, தரகர் செய்யும் வேலைகளில் ஒன்று பயனற்றது. மற்ற இரண்டும் உள்ளதையும் கெடுப்பவை.

பிறகு எப்படித்தான் ஆள் வருவது? நமக்குத் தெரிந்த ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பயணத் தேதி இந்தக் கணக்கில் சேராது. அதாவது ஜனவரி 14-ல் புறப்படும் வண்டிக்கு நவம்பர் 15 காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். பொங்கலுக்கு ஊர் போக நினைக்கும் தாராவித் தொழிலாளிக்கும் டோம்பிவிலி குமாஸ்தாவுக்கும் வேண்டியது இந்த ஒரு வரிதான். ஆனால் நாலு மாதத்துக்கு முன்பே பதிவு செய்யலாம் என்று எப்போதோ எழுதிய பக்கங்களைத் திருத்தாமல் அப்படியே விட்டு வைத்திருப்பவர்கள் பலர். மும்பையிலிருந்து நாகர்கோவில், மதுரை மார்க்கத்தில் எந்த வண்டி, எந்தக் கிழமை, எங்கே ஏறினால் வசதி, பண்டிகைக்குச் சிறப்பு வண்டி அறிவித்தாயிற்றா என்பதை ஒரே பக்கத்தில் போட்டு, மாறும்போதெல்லாம் திருத்தி, திருத்திய தேதியையும் மேலே குறித்து வைக்கிறவரைத் தேடி ஆள் வராமல் போகமாட்டார்கள். அவர் யாருக்கும் பதினைந்தாயிரம் கொடுக்க வேண்டியதில்லை.

2024 ஆகஸ்டு முதல் இந்தியாவிலும் கூகுள் பல கேள்விகளுக்குச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தானே ஒரு சுருக்க விடை எழுதி மேலே காட்டுகிறது. நெல்லிக்காயின் நன்மை, தாஜ்மகாலின் வரலாறு போன்ற பொதுச் செய்திக்கு இனி யாரும் நம் தளம் வரை வரப்போவதில்லை. மாட்டுங்காவில் எந்தக் கடையில் ஊர்ச் சம்பா அரிசி கிடைக்கிறது, தமிழ் வழிப் பள்ளியில் எப்போது சேர்க்கை என்பதெல்லாம் வேறு. நேரில் போய் விசாரித்தவன் எழுதினால்தான் உண்டு.

எழுத்து விஷயத்திலும் நம்மவர்கள் கவனக்குறைவாக இருக்கிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து ஏற்றினால், மனிதன் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தமிழ்நாடு அரசே 2010-ல் யுனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும், சில சங்கங்கள் பழையதைவிட்டு நகரவில்லை. இன்னும் சிலர் அழைப்பிதழைப் போட்டோ பிடித்து அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடுபொறி வராது. தேதி, இடம், நேரம் மூன்றையும் படத்தின் கீழே நாலு வரி தட்டச்சு செய்து போடுவதற்கு என்ன கஷ்டம்? அந்தப் படமும் பெரிய அளவில் இருந்தால், மலிவான போனில் திறப்பதற்குள் வாசகர் வேறு பக்கம் போய்விடுவார்.

நம் மக்களில் பலர் தமிழ்ச் செய்தியையும் ஆங்கில எழுத்தில் அடித்தே தேடுகிறார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். எந்தச் சொல்லை அடித்து வந்தார்கள் என்பதை சர்ச் கன்சோல் என்ற கூகுளின் இலவசக் கருவி காட்டும். வாரம் ஒரு முறை அதைப் பார்த்தால், அடுத்த கட்டுரைக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். வாசகர்களே எழுதித் தந்திருப்பார்கள்.

இனி காசுக்கு வருவோம். கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் 2003-ல் தொடங்கியது. தமிழ்த் தளங்களுக்கு அதில் இடம் கிடைத்தது 2018 பிப்ரவரியில்தான். பதினைந்து வருடம் வாசலில் நின்றோம். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு எண் அனுப்புவார்கள். வாடகை அறையை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், நிலையான ஒரு முகவரியைக் கொடுப்பது நல்லது. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் அதற்கு இரண்டு லட்சம் பார்வை வேண்டும். நூறு பேர் வரும் தளத்துக்கு இது பல வருடக் கணக்கு.

இந்தக் கணக்கைக் குறுக்கு வழியில் முடிக்கத்தான் அறை நண்பர்களிடம், "நம்ம தளத்தில் விளம்பரத்தை அமுக்குங்கடா" என்று சொல்கிறார்கள். தானே அமுக்குவதும், பிறரை அமுக்கச் சொல்வதும் விதிப்படி குற்றம். கணக்கு மூடப்பட்டால் சேர்ந்திருந்த தொகையும் கைக்கு வராமல் போகலாம். விளம்பரத்தை அமுக்குவதற்கு என்றில்லாமல், அது பார்க்கப்படுவதற்கே பணம் என்ற முறைக்கு 2024-ல் மாறிவிட்ட பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை என்பது விந்தை.

சிறு தளத்துக்கு உண்மையான விளம்பர வருமானம் சயான், செம்பூர், மாட்டுங்காவில் இருக்கிறது என்பது என் துணிபு. திருநெல்வேலிக்கு வண்டி விடும் டிராவல்ஸ்காரர், இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மா, சீர்வரிசைப் பாத்திரக் கடை, சோதிடர், புகைப்படக்காரர் ஆகியோருக்கு வேண்டியது இந்தப் பகுதித் தமிழர்களின் கண். மாதம் முந்நூறு ரூபாய் வீதம் பத்துக் கடை கொடுத்தால் மூவாயிரம். முன்னூறு பேர் மட்டும் வந்தாலும், அந்த முன்னூறு பேரும் நடந்து வந்து வாங்கக்கூடியவர்கள் என்று கடைக்காரரிடம் தைரியமாகச் சொல்லலாம். சொல்கிற எண்ணிக்கை மெய்யாக இருக்க வேண்டும். காசு வாங்கிப் போட்டதை விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிக்கவும் வேண்டும். கடையின் தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அதையும் கட்டண இணைப்பு என்று நிரலில் அடையாளமிட வேண்டும். இல்லையேல் இணைப்பு விற்ற பழி நமக்கே வரும்.

அரசு உத்தியோகத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1966-ம் ஆண்டு ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளின் 15-ம் விதிப்படி, முன் அனுமதியின்றி வணிகத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடக் கூடாது. எப்போதாவது செய்யும் இலக்கிய, கலைப் பணிக்கு விலக்கு உண்டு. மாதா மாதம் விளம்பரம் வசூலிப்பதை அந்தக் கணக்கில் சேர்த்துவிட முடியாது. மனைவி பெயரில் நடத்தினாலும் இலாகாவுக்குத் தெரிவித்தாக வேண்டும். மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கும் 1964-ம் ஆண்டு விதிகளில் இதே நிலைதான். வருமான வரிக் கணக்கிலும் இந்தத் தொகையைக் காட்ட வேண்டும்.

தரகர்களிடம் ஏற்கனவே சிக்கியிருப்பவர்கள் உடனே பார்க்க வேண்டியது, தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை. 'எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லித் தன் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளும் தரகர்கள் உண்டு. தளம் நாலு பேருக்குத் தெரிந்த பிறகு, அதைத் திருப்பிக் கேட்டால் ஒரு விலை சொல்வார்கள். பதிவுக் கணக்கின் கடவுச்சொல், பதிவான மின்னஞ்சல், புதுப்பிக்க வேண்டிய தேதி ஆகிய மூன்றையும் இந்த வாரமே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால் எழுத்தில் கேளுங்கள்.